பனிக்குள் நின்ற ஒன்பது படைகள்

பல்லுக்காரருக்குக் கை நடுங்கியது வாழ்க்கையில் இரண்டே முறைதான். முதல் முறை, கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது. அந்தக் கோணல் கையெழுத்தை அவர் மனைவி இருபத்தெட்டு வருஷமாக விடாமல் சொல்லிக்காட்டுகிறாள். இரண்டாவது முறை, ஒரு சனிக்கிழமை காலை, மாடிப்படிக்குக் கீழே காலி வார்னிஷ் டப்பாவும் கையுமாக நின்றபோது.

அவர் பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் தெருவில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததும் வாயைத் திறந்து காட்டுகிறார்கள். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பினால் அதற்குப் பீங்கான் பல் செய்து தருகிற கூடத்தில் வேலை. பொடியைக் குழைத்து, ஊசிமுனைத் தூரிகையால் அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுட்டெடுக்க வேண்டும். பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டவில்லை என்றால் மறுநாளே திரும்பி வந்துவிடும். வெள்ளை என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிற நிறத்துக்கு அவரிடம் பதினாறு வகை உண்டு. ஒரு வெள்ளையையும் இன்னொரு வெள்ளையையும் அருகருகே வைத்து, "பாருங்க, எவ்வளவு வித்தியாசம்!" என்பார். பார்க்கிறவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

இந்தக் கையும் கண்ணும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை. அவருடைய இன்னொரு உலகம் வீட்டுக் கூடத்து மேசைமேல் இருந்தது. கட்டைவிரலில் பாதி உயரம் உள்ள படைவீரர்கள். கடையில் வாங்கும்போது சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக வருவார்கள். கை கால் ஒட்டி, சட்டைக்கு ஒரு நீலம், மடிப்பின் நிழலுக்கு இன்னொரு நீலம், பொத்தானுக்குப் பித்தளை என்று பூசிப்பூசி ஆளாக்க வேண்டும். அப்புறம் பழைய காலத்துச் சண்டை ஏதாவது ஒன்றைப் புத்தகத்திலிருந்து எடுத்து, மேசையில் ஆறும் மேடும் அமைத்து, அளவுநாடாவால் நடையை அளந்து, பகடை உருட்டி, அதே சண்டையை மறுபடி போட வேண்டும். வளர்ந்த மனிதர்கள் செய்கிற காரியமா என்று கேட்டால், ஆமாம், வளர்ந்த மனிதர்கள்தான் செய்கிறார்கள். வளராதவர்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது.

"முந்நூறு பேரைக் குடிவைக்க வீட்டுல இடம் இருக்கு. எங்க அக்கா வந்தா படுக்க இடம் இல்ல" என்பாள் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகளின் சத்தத்தை அடக்குகிற குரல். ஆனால் தூசி தட்டும்போது ஒரு சிப்பாயின் துப்பாக்கிகூட வளைந்ததில்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் வரும், சிப்பாய்கள்மேல் வராது.

சண்டை என்றால் எதிரி வேண்டுமே. அந்த எதிரியும் பல் வழியாகத்தான் கிடைத்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, முன்பல் ஒன்று உடைந்து, நிறம் பார்ப்பதற்காகப் பல் செய்கிற கூடத்துக்கே அனுப்பப்பட்டவர். பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஆவண அறை குமாஸ்தா. ரெக்கார்டு சார் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு புத்தகம், அதில் பழைய காலத்துப் படைச் சீருடைகளின் படங்கள். நிறம் பார்த்து முடித்ததும் ஒரு படத்தைக் காட்டி, "பல் இருக்கட்டும் சார், இந்தக் கோட்டு என்ன நீலம்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். பல்லுக்காரர் அந்தப் பக்கத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் அரைமணி நேரம் பார்த்தார். அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சண்டை. சாதாரணமாகப் பேசும்போது இருவரும் "சார்", "வாங்க", "போங்க"தான். சண்டை சூடுபிடித்துவிட்டால் "யோவ்" வந்துவிடும். சண்டை முடிந்து காபி வந்ததும் மறுபடி சார். ரெக்கார்டு சாரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். காலமெல்லாம் கோப்புப் புரட்டிய கை, எதைத் தொடுவதற்கு முன்பும் கட்டைவிரல் நாக்குக்குப் போய்விடும். அதே ஈரவிரலோடு சிப்பாயை எடுப்பார். "எச்சிலாக்காதீங்க சார், எத்தனை தடவை சொல்றது!" என்று பல்லுக்காரர் பத்தொன்பது வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டார். பல்லுக்காரரிடமும் ஒரு நம்பிக்கை உண்டு, அந்த விளையாட்டுக்காரர்கள் எல்லோரிடமும் இருக்கிறதுதான்: புதிதாக வண்ணம் பூசிய படை, முதல் சண்டையில் நிற்காது, ஓடிவிடும். எவ்வளவு அழகாகப் பூசுகிறோமோ அவ்வளவு வேகமாக ஓடும்.

இது தவிர ஒரு சட்டமும் இருந்தது. பல்லுக்காரரே போட்டது. வண்ணம் பூசாத ஆள் மேசை ஏறக் கூடாது. சாம்பல் பிளாஸ்டிக்கை வைத்து விளையாடுவது, சுடாத பல்லை வாயில் மாட்டுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு ரெக்கார்டு சார் பன்னிரண்டு குதிரைவீரர்களைக் கொண்டுவந்தார். பூசவில்லை. "நேரம் கிடைக்கல சார். இந்த ஒரு தடவை" என்றார். பல்லுக்காரர் ஒரே பிடியாக நின்றார். சட்டம்னா சட்டம். ரெக்கார்டு சார் குதிரைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள், அடுத்த மாதமே போய்விட்டாள். பல்லுக்காரர் சாவுக்குப் போனார், கூடவே இருந்தார், எல்லாம் செய்தார். அந்தக் குதிரைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாதம் கழித்துச் சண்டை மறுபடி தொடங்கியபோது பன்னிரண்டும் பூசப்பட்டு வந்தன. அதில் இரண்டு மட்டும் படுமோசம். "இந்த ரெண்டும் என்ன சார், சேத்துல புரண்ட மாதிரி இருக்கு? குடுங்க, நான் சரிபண்ணித் தரேன்" என்றார் பல்லுக்காரர். "வேணாம், இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார் ரெக்கார்டு சார்.

இப்போது அவர் ஊரை விட்டே போகிறார். கடல் தாண்டி இருக்கிற மகள், "தனியா இருந்தது போதும்பா" என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். செவ்வாய்க்கிழமை விமானம். நாலு வருஷமாக இருவரும் சேர்ந்து தயார்செய்த பெரிய சண்டை ஒன்று மிச்சம் இருந்தது. ஆற்றுப்பாலத்துக்காக இரண்டு படைகள் மோதிக்கொண்ட சண்டை. சிவப்புப் படை ரெக்கார்டு சாருடையது, எப்போதோ தயார். நீலப் படை பல்லுக்காரருடையது. ஒன்பது பிரிவு, ஒவ்வொன்றும் இருபத்துநாலு பேர் கொண்ட சிறு படை. ஒரு பிரிவைப் பூசி முடித்தால் மூன்றாவதின் கழுத்துப்பட்டை சரியில்லை என்று கலைத்துவிட்டு மறுபடி பூசுகிறவர் எப்படிச் சீக்கிரம் முடிப்பார்? கடைசிப் பிரிவான மெய்க்காவல் படையை வெள்ளிக்கிழமைதான் முடித்தார். ஞாயிற்றுக்கிழமை சண்டை. அதுதான் கடைசிச் சண்டை என்று இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

பூசி முடித்த ஆளுக்கு மேலே, டப்பாவை அழுத்தினால் புகையாகப் பீய்ச்சும் மினுக்கம் இல்லாத வார்னிஷ் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை பட்டு வண்ணம் உதிரும். ஈரக்காற்றில் அடிக்கவே கூடாது. இது அந்த வேலையில் அரிச்சுவடி. நாலு நாளாக விடாத மழை. பல்லுக்காரருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ரெக்கார்டு சார் ஈரவிரலோடு வருவாரே! அதோடு இன்னொரு வீம்பு. ஒன்பது பிரிவும் ஒரே டப்பாவில், ஒரே நாளில் அடித்தால்தான் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒருவனை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மற்றவர்களை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. படிக்குக் கீழே அட்டைப்பெட்டிகளில் இருநூற்றுப் பதினாறு பேரையும் வரிசையாக நிறுத்தி, மழைச்சாரலைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு டப்பாவை அழுத்திவிட்டார்.

காய்ந்த பிறகு போய்ப் பார்த்தார். நீலம் இல்லை. பித்தளைப் பொத்தான் இல்லை. மூக்கு, மீசை, கழுத்துப்பட்டை எதுவும் இல்லை. ஒன்பது பிரிவும் மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்ததுபோல் வெள்ளை பூத்து நின்றது. பதினாறு வெள்ளை தெரிந்த மனிதருக்கு அது பதினேழாவது வெள்ளை.

மனைவி வேனை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். ஏதாவது கேலியாகச் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அவருக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? அன்னைக்கு அவர் பூசாம கொண்டாந்தப்போ, மேசையில ஏத்தக் கூடாதுன்னேன். இப்ப என் படை பூத்துப்போச்சு, ஏத்திக்கலாமான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்குறது?"

"இருக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுதான்" என்றாள் மனைவி. ஆனால் அவர் ஃபோன் பண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ரெக்கார்டு சார் இரண்டு பெட்டிகளோடு வந்தார். குடையை உதறி வைத்தார். சிவப்புப் படையைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒவ்வொருவராக அடுக்கினார். பல்லுக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மேசையின் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது.

"உங்க ஆளுங்க எங்க?"

பல்லுக்காரர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து தரையில் வைத்து, மூடியைத் திறந்தார். ரெக்கார்டு சார் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆவண அறையில் காணாமல்போன பத்திரத்தைத் தேடுகிற முகம் அது.

"மழையில அடிச்சீங்களா?"

"ஆமாம்."

"நீங்களா?"

"நான்தான் சார். வேற யாரு இவ்வளவு பெரிய முட்டாள்தனம் பண்ணுவான்?"

பல்லுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சட்டப்படி இவங்க மேசை ஏறக் கூடாது. போட்டது நான்தான். அன்னைக்கு அந்தப் பன்னெண்டு குதிரைக்கும் நான் அதைத்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுல உங்களுக்கு என்ன நிலைமைன்னு தெரிஞ்சும் சொன்னேன். ஏழு வருஷமா தொண்டையிலேயே நிக்குது."

ரெக்கார்டு சார் தன் பெட்டியைத் துழாவி இரண்டு குதிரைவீரர்களை எடுத்து மேசைமேல் வைத்தார். சேற்றில் புரண்ட அதே இரண்டு.

"அன்னைக்கு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அவகிட்ட சொல்லிப் புலம்பினேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. 'பூசலைன்னா சேத்துக்க மாட்டாராமா? குடுங்க இப்படி'ன்னு கட்டில்ல உக்காந்துக்கிட்டே பூச ஆரம்பிச்சா. கையில ஊசி குத்தியிருந்தது, அந்தக் கையோடதான். ரெண்டு முடிச்சா. மீதிப் பத்தும் நான்."

சரிபண்ணித் தருகிறேன் என்று கேட்டோமே என்று நினைத்தபோது பல்லுக்காரருக்கு உடம்பே கூசியது.

"எனக்கு உங்கமேல கோவம் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் ரெக்கார்டு சார். "ஆனா நீங்க அன்னைக்குச் சரின்னு சொல்லியிருந்தா இந்த ரெண்டும் இல்ல. அப்புறம் யாரைக் கோவிச்சுக்கறது? விடுங்க."

சொல்லிக்கொண்டே பழக்க தோஷத்தில் கட்டைவிரலை நாக்கில் வைத்தார். அதே விரலால் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைச் சிப்பாயை எடுத்து, தூசியைத் தேய்ப்பதுபோல் மார்பில் ஒரு தேய் தேய்த்தார்.

நீலம் வந்தது.

ஒரு விரல் அகலத்துக்கு அச்சு அசலான நீலம், நடுவில் மூன்று பித்தளைப் பொத்தான். ஈரம் காயக்காய அது மறுபடி வெளுத்து மறைந்தது. பல்லுக்காரர் அவர் கையிலிருந்து சிப்பாயைப் பிடுங்கினார். ஜன்னலுக்குப் போனார். அப்புறம் தன் தலையில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம்! முப்பது வருஷமா தினம் செய்யற வேலை!"

உலையிலிருந்து வரும் பீங்கான் பல், மெருகு ஏற்றும்வரை சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கும். மேல்தோல் சொரசொரப்பாக இருப்பதால் உள்ளே இருக்கிற நிறம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சொட்டு ஈரம் தொட்டு வைத்துத்தான் நிறம் பார்ப்பார்கள். அவரே நாளைக்கு இருபது தடவை அதைச் செய்கிறவர். தன் சிப்பாய் என்று வந்ததும் அறிவு எங்கே போயிற்றோ! வண்ணம் எங்கும் போகவில்லை, வார்னிஷ் தோலுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. காயாத ஈரம் ஏதாவது வேண்டும், அவ்வளவுதான்.

"எண்ணெய்! சமையல் எண்ணெய் கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். மனைவி பாட்டிலோடு வந்தாள். தூரிகையில் தொட்டு ஒரு சிப்பாய்க்கு மெல்லப் பூசி, துணியால் ஒற்றி எடுத்தார். மீசை வந்தது, கழுத்துப்பட்டை வந்தது. இந்த முறை மறையவில்லை. மனைவி கையைத் தட்டினாள். நல்ல வெயில் வரும்போது மேலே இன்னொரு தடவை வார்னிஷ் அடித்தால் தீர்ந்தது.

ஆனால் இருநூற்றுப் பதினாறு பேர். ஒருவனுக்கு இரண்டு நிமிஷம் என்றாலும் பொழுது சாய்ந்துவிடும். பல்லுக்காரர் கணக்குப் போடுவதற்குள் ரெக்கார்டு சார் வெள்ளைப் படைகளை அப்படியே தூக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"சார், என்ன பண்றீங்க? சட்டம்..."

"நாலு வருஷமா நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? புத்தகத்துல தெளிவாப் போட்டிருக்கு. சண்டை அன்னைக்குக் காலையில மூடுபனி. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்னுமே தெரியலை. நீங்க கேட்டீங்களா?"

உண்மைதான். பல்லுக்காரர் அதை அடியோடு மறுத்திருந்தார். யாரும் யாரையும் பார்க்க முடியாத பனி என்றால் நான் எதற்குப் பொத்தான்வரைக்கும் பூசினேன் என்று சண்டையே போட்டிருக்கிறார்.

"இப்ப பனி வந்தாச்சு" என்றார் ரெக்கார்டு சார். "அந்தப் பக்கம் நிக்கறவன் எல்லாம் பனிக்குள்ள. எவன் பாலம் ஏறுறானோ அவனை மட்டும் துடைங்க. துடைச்சாத்தான் எனக்குத் தெரிவான், துடைச்சாத்தான் நான் சுடுவேன். யோவ், என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? உன் முறை, உருட்டு."

யோவ் வந்துவிட்டது. அதற்குமேல் சண்டை எப்படி நடந்தது என்று கேட்கவா வேண்டும்! முதல் படை பாலம் ஏறியது. மூன்று பேரும் உட்கார்ந்து ஆளுக்கு எட்டுப் பேரைத் துடைத்தார்கள். இருபத்துநாலு நீலச் சட்டைகள் பனியிலிருந்து வெளியே வந்தபோது ரெக்கார்டு சாரே, "அடேயப்பா" என்றார். சொல்லிவிட்டு அதே மூச்சில் பீரங்கியால் அடித்தார். வழக்கமாக மூன்று மணி நேரத்தில் முடிகிற சண்டை, துடைத்துத் துடைத்து நகர்ந்ததில் சாயங்காலம் ஆறு மணிக்கும் பாதியில் நின்றது. நாலு படை வெளியே. ஐந்து படை இன்னும் வெள்ளையாக, அந்தப் பக்கம்.

ரெக்கார்டு சார் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பல்லுக்காரர் பகடையைக் கையில் வைத்து உருட்டாமல் நின்றார்.

"மேசையைக் கலைக்காதீங்க" என்றார் ரெக்கார்டு சார். "நான் ஒன்னும் தோக்கலை. என் ஆளுங்க இங்கேயே இருக்கட்டும். உங்க அஞ்சு படையையும் துடைச்சுடாதீங்க, நான் சொல்லும்போதுதான் துடைக்கணும். வாரம் ஒரு முறை, ஃபோன்ல." மேசைமேல் இருந்த இரண்டு சேற்றுக் குதிரைகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது ரெண்டும் பின்படை. நான் வரும்போதுதான் களத்துக்கு வரும்."

பல்லுக்காரரின் மனைவி, "அப்ப எங்க அக்கா?" என்றாள். பதிலை எதிர்பார்த்து அவள் கேட்கவில்லை. மறுநாள் அவளே போய், தூசி விழாமல் மேசைமேல் போட ஒரு பெரிய மெல்லிய துணி வாங்கிவந்தாள்.

செவ்வாய்க்கிழமை விமானம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. மனைவிதான் மேசைக்கு மேலே ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். வேன் ஓட்டுகிற கை, ஆடாது. படம் தெளிந்ததும் பல்லுக்காரர் முதலில் பார்த்தது ரெக்கார்டு சாரின் முன்பல்லைத்தான். பத்தொன்பது வருஷப் பல். அங்கே வெளிச்சம் வேறு மாதிரி இருந்தது, ஆனாலும் பக்கத்துப் பல்லோடு நிறம் ஒட்டியே நின்றது. அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

"பல்லைப் பாத்தது போதும்யா, படையைப் பாரு" என்றது ஃபோன்.

நாலாவது ஞாயிறு மெய்க்காவல் படையின் முறை. கடைசியாகப் பூசியது, பூசியதிலேயே அழகானது. பல்லுக்காரர் ஒவ்வொருவனையும் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். தங்கப் பட்டி, சிவப்பு இறகு, கன்னத்தில் லேசான ரோஜா நிறம்கூட வந்தது. மார்பை நிமிர்த்திப் பாலத்தில் நிறுத்தினார். கடலுக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டு சார் பகடை உருட்டினார், பீரங்கி வெடித்தது. மெய்க்காவல் படை நிற்குமா என்று பார்க்க இவர் உருட்டினார். விழுந்தது இரண்டு. இருபத்துநாலு பேரும் வாலைச் சுருட்டிக்கொண்டு பாலத்தை விட்டு ஓடினார்கள்.

"புதுசாப் பூசினவன் நிக்க மாட்டான்னு நீதானய்யா சொல்லுவ!" ஃபோனில் ரெக்கார்டு சார் மூச்சு வாங்கச் சிரித்தார், முன்பல் முழுக்கத் தெரிந்தது. மனைவியும் சிரித்ததில் முதல்முறையாக ஃபோன் ஆடியது. பல்லுக்காரர் ஓடியவர்களை ஒவ்வொருவராகப் பின்னால் எடுத்து வைத்தார்.

"இன்னும் ரெண்டு படை பனிக்குள்ள இருக்கு, மறந்துடாத" என்றார் அவர். "உன் பின்படை எப்ப வருது?"

ரெக்கார்டு சார் சட்டைப்பையிலிருந்து இரண்டு குதிரைகளையும் எடுத்துத் திரைக்கு அருகில் காட்டினார். "பொண்ணு டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கா. கோடை லீவுக்கு வந்துடுவோம். அதுவரைக்கும் பாலத்தை விட்டுடாத."

பல்லுக்காரர் துணியை மடித்து எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். மீதி இரண்டு படையையும் துடைக்க அவருக்கு இப்போது ஒன்றும் அவசரமில்லை.